தார் பூசிய மூடி

தேவாரம் ஊர் மோர்க்காரி பேச்சி, பானையை இறக்கி வைக்கும்போதே குரலையும் இறக்கிக்கொண்டாள். அவள் கொண்டுவந்த சேதி கண்ணால் பார்த்ததல்ல, நாத்தனார் சொன்னது. நாத்தனாருக்குச் சொன்னவன் காட்டுக்காவலுக்குப் போகும் கொழுந்தன். அவன் யாரிடம் கேட்டான் என்று பேச்சி விசாரிக்கவில்லை. தேவாரத்துச் சோளக்காட்டில் ஆனை இறங்கினால் இப்போதெல்லாம் யாரும் தப்பட்டை அடிப்பதில்லையாம். விஞ்சுக் கொட்டகையிலிருந்து போகிற, விளக்குக்குப் போடும் கியாஸ் கல்லை வைத்து என்னவோ செய்கிறார்களாம். ஆனை திரும்பிப் பார்க்காமல் மலையேறுகிறதாம். கல் எப்படி அங்கே போகிறது என்றால், கீழேயே பீப்பாயைத் திறந்து கல்லை எடுத்துக்கொண்டு, ஆற்றுக் கூழாங்கல்லை நிரப்பி, மூடியை ஈயத்தால் பற்றவைத்து மேலே அனுப்பிவிடுகிறார்களாம். மேலே திறக்கிறவன் தலையில் பழி.

"எடுக்கிறது யாருன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதக்கா," என்றாள் பேச்சி. "எழுதப் படிக்கத் தெரிஞ்ச கையின்னு பேசிக்கிறாக."

கல்லை வைத்து ஆனையை என்னதான் செய்கிறார்கள் என்று மொக்கம்மாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் மனதில் தைத்தது கடைசிப் பேச்சு மட்டும்தான். மேலே பீப்பாயைத் திறக்கிறவன் அவள் மருமகன் கன்னையன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருடம் முந்தைய கதை இது. போடிக்கு மேற்கே, மலை சுவர்போல எழும்புகிற இடத்தில், ஒரு கம்பெனி இரும்புக்கம்பி கட்டிச் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கொட்டகை, மேலே மஞ்சு மூட்டத்துக்குள் ஒரு கொட்டகை, இடையில் பாறைக்குப் பாறை இரும்புத் தூண். தேயிலைப் பெட்டியும் ஏலக்காய் மூட்டையும் ஊஞ்சலாடிக்கொண்டே இறங்கும். அரிசியும் மண்ணெண்ணெய் டின்னும் தகரத் தகடும் ஏறும். ஊர்வாயில் அதற்குப் பெயர் விஞ்சு. கீழ்க்கொட்டகையின் சாமான் கிடங்குக்கு மொக்கம்மாள் காவல். மேல்கொட்டகையில் கன்னையன் கிடங்கு பார்த்தான். அவனோடு அவள் ஒரே மகள் சுருளியம்மாள்.

காவல் வேலை அவளுக்குச் சும்மா வரவில்லை. அந்தத் தூண்களுக்குப் பாறை உடைத்தபோது அவள் புருசன் ஜக்கையன் வெடிக்குழி போடுகிறவன். ஒருநாள் ஒரு குழி வெடிக்காமல் கிடந்தது. அது செத்த மருந்து, பயமில்லை, பக்கத்திலேயே இன்னொரு குழி போடு என்று மேஸ்திரி சொன்னான். ஜக்கையன் உளியை வைத்தான். மருந்து சாகவில்லை. மேஸ்திரி அன்றே ஊரைவிட்டுப் போய்விட்டான். கம்பெனி அவளுக்குக் கிடங்கு வாசலையும் ஒரு மூங்கில் தடியையும் கொடுத்தது.

அன்றைக்கு அவள் ஒரு கணக்குப் போட்டாள். இவர்கள் பயமில்லை என்றால் ஆள் சாகிறான். அப்படியானால் இவர்கள் பயம் பயம் என்று கத்துகிற சாமானில் ஒன்றும் இருக்காது. ஏழை பாழை கைவைத்துவிடக் கூடாதென்று பூச்சாண்டி காட்டுகிறார்கள். அந்தக் கணக்கைத் திரும்பச் சரிபார்க்க அவளுக்கு அவசியமே வரவில்லை. கம்பிக்குப் பூசுகிற கொழுப்பை விசம் என்றார்கள். பாதி ஊர் அதை முழங்கால் வலிக்குத் தடவிக்கொண்டு நடமாடியது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வருகிற காரீயத் தகட்டை வாயில் வைக்காதே என்றார்கள். பிள்ளைகள் அதைச் சுருட்டிக் கடித்துத் தூண்டிலுக்குக் குண்டு பண்ணினார்கள். மயில்துத்தத்தைத் தொடாதே என்றார்கள். மாட்டுப் புண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. மண்ணெண்ணெய் டின் காலியானால் தண்ணீர்க்குடம், வெட்டி விரித்தால் கூரை. யார் செத்தார்கள்? வயிற்றுவலி, வாந்தி என்று யாராவது படுத்தால் அதற்கு ஊரில் வேறு காரணம் ஆயிரம் இருந்தது.

அவள் எதையும் நம்பாதவள் என்று சொல்லிவிட முடியாது. எதையும் ஒருமுறை மோந்து பார்த்துத்தான் நம்புவாள். டெலிபோன்கூட அப்படித்தான். கணக்கப்பிள்ளை ராஜாராம் உத்தமபாளையத்து ஆள். வேலை ஓய்ந்த நேரத்தில் மேல்கொட்டகையைக் கூப்பிட்டுச் சுருளியம்மாளைப் பேசவைப்பார். கேட்குழலை வாங்கியதும் மொக்கம்மாள் நலம் விசாரிக்க மாட்டாள். முதலில் பரீட்சை.

"நம்ம வெள்ளாட்டுக்கு ஒடிஞ்சது எந்தக் கொம்புடி?"

"எடக்கொம்பு. ஒவ்வொரு தடவையும் இப்பிடிக் கேட்டா நான் என்னத்தா பண்ணட்டும்? எம்புருசன் சிரிக்காரு."

"சிரிக்கட்டும். உங்கய்யா வெத்தலைய எந்தக் கடவாயில அதக்குவாரு?"

அதற்கும் விடை சரியாக வந்த பிறகுதான் மழை பெய்ததா, இருமல் நின்றதா என்ற பேச்சு. பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரலை யார் வேண்டுமானாலும் செய்து காட்டலாம் என்பது அவள் கட்சி. ராஜாராம் இந்தக் கூத்தைப் பார்த்து வாய்க்குள் சிரிப்பார். அவர் சிரிப்பும் அவளுக்குப் பிடித்ததில்லை. சிரிக்கிற கணக்கப்பிள்ளை எதையோ மறைக்கிறார் என்றுதான் பட்டது. இப்போது பேச்சி வந்து எழுதப் படிக்கத் தெரிந்த கை என்கிறாள். கொட்டகையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆயுதபூசைக்கு முந்தின வாரம் அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் கியாஸ் கல் வந்திறங்கியது. ஆளின் இடுப்புயரத் தகரப் பீப்பாய்கள். மூடியைச் சுற்றி ஈயப்பற்று வைத்து எறும்பு நுழையாமல் அடைத்திருக்கும். மேலே மஞ்சு அடைத்துக்கொள்ளும் காலத்தில் இந்தக் கல்லைப் போட்டு எரிக்கிற விளக்குத்தான் கொட்டகைக்கு வெளிச்சம். தண்ணீர் படக்கூடாது, பட்டால் கியாஸ் கிளம்பும், கிட்டே நெருப்பு ஆகாது என்று ராஜாராம் ஒவ்வொரு தடவையும் ஓதுவார். மொக்கம்மாள் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவாள். தண்ணீர் படக்கூடாதாம், ஆனால் விளக்குக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்களே, அதை அவள் பார்க்கவில்லையா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ராஜாராம் பூசைச் சாமான் வாங்கப் போடிக்கு வண்டி கட்டினார். வண்டி ஓடைத் திருப்பம் தாண்டியதும் மொக்கம்மாள் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் பீப்பாயின் ஈயப்பற்றை அரிவாள் முனையால் நெம்பினாள். மூடி கிறீச்சென்று கிளம்பியது. உள்ளே யாரோ பூண்டு வதக்குவது போல ஒரு வாடை. குனிந்து தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். மேலே சாம்பல் கல், நடுவே சாம்பல் கல், அடியிலும் அதே கல். கூழாங்கல் ஒன்றுகூட இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு மனம் ஆறியிருக்கும். அவளுக்கு ஆறவில்லை. இது நிஜக் கல்தானா என்று யாரைக் கேட்பது? கல்லிலும் போலி இருக்கலாம். கன்னையன் தீபாவளிக்கு இறங்கி வரும்போது காட்டிக் கேட்கலாமென்று கொட்டைப்பாக்கு அளவில் ஒரு துண்டைத் துணியில் சுற்றிச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் மூடி. நெம்பிய விளிம்பு கோணிக்கொண்டு உட்கார மறுத்தது. ஈயம் பற்றவைக்க அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தாள். அறுப்பு முடிந்து குலுக்கையில் தானியம் கொட்டினால் அதன் வாயை எப்படி அடைப்பார்களோ அப்படி, செம்மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இடுக்கெல்லாம் திணித்து, விரலால் வழித்துவிட்டாள். குலுக்கை வாய் அடைக்கிறதில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர். அவள் பூசியதில் வண்டு நுழைந்ததில்லை. சிவப்பு தெரியாமலிருக்கத் தூணுக்கு அடிக்கிற தாரை மேலே ஒரு சுற்றுத் தடவினாள். எட்ட நின்று பார்த்தாள். கம்பெனிக்காரன் அடைத்ததைவிட நன்றாயிருந்தது.

மண் காயுமுன்னே பீப்பாய்கள் கம்பியில் தொங்கி மஞ்சுக்குள் போய்விட்டன.

பூசைக்கு முதல்நாள் சுருளியம்மாள் டெலிபோனில் வந்தாள். கொம்புக் கேள்வி முடிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோசம். மேலே இந்த வருசம் பூசையைப் பெரிதாகச் செய்கிறார்களாம். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கிடங்கைக் கழுவிவிட்டு, சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, மஞ்சத்தண்ணி தெளித்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம். பொழுது சாயத் திறந்து சூடம் காட்டுவார்களாம்.

"இந்தப் பேசுற பொட்டியவும் பூசையில வைக்கப்போறோம் ஆத்தா. அதுவும் ஆயுதந்தான? அதனால நாளைக்கு ஒங்கிட்டப் பேச மாட்டேன். மறுநாள் காலையில பூசைய எடுத்துட்டுத்தான் தொடணும்."

மொக்கம்மாளுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. ஒருநாளாவது அந்தப் பெட்டி வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கட்டும்.

பூசையன்று விஞ்சு ஓடாது. கம்பி அசையாமல் தொங்க, கீழ்க்கொட்டகை காலையிலிருந்தே ஈரமாய்க் கிடந்தது. எஞ்சின் ஓட்டுகிற பிச்சைமணி சக்கரத்துக்கெல்லாம் விபூதிப் பட்டை போட்டான். சம்மட்டி, திருகு, எண்ணெய்க்குடுவை, தராசு, ராஜாராமின் மைக்கூடு எல்லாம் வாழையிலையில் வரிசை கட்டின. சுவரிலிருந்த டெலிபோன் பெட்டிக்குச் சந்தனம் அப்பி ஒரு செவ்வந்தி மாலை. அதன் மணிக்கிண்ணம் இரண்டிலும் குங்குமப் பொட்டு. பார்ப்பதற்குக் கண் வைத்தாற்போல இருந்தது. மொக்கம்மாள் புது வெற்றிலையை உதறி, ஈரத்தோடு சுருக்குப்பையில் செருகிக்கொண்டு ஓரமாய் நின்றாள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னே பூசை. பிச்சைமணி சூடத்தட்டோடு எஞ்சினைச் சுற்றத் தொடங்கும்போது அவள் இடுப்பில் ஏதோ சுட்டது. தேள் என்று நினைத்தாள். சுருக்குப்பையைத் தொட்டால் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது. வெற்றிலையோடு பூண்டு வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பையை அவிழ்த்து உதறினாள். துணிச்சுருள் காலடியில் ஓடிய கழுவுநீர் வாய்க்காலில் விழுந்தது. விழுந்ததும் கல் சீறியது. தண்ணீர் பால்போல் வெளுத்து நுரை தள்ளிக் கொதித்தது.

"என்னத்தா அது, தவளையா?" என்று பிச்சைமணி தட்டோடு குனிந்தான்.

குபீரென்று ஒரு சத்தம். வாய்க்கால் மேல் ஆளுயரத்துக்கு நெருப்பு எழும்பி நின்று கரும்புகை கக்கியது. பிச்சைமணி தட்டைப் போட்டுவிட்டு மல்லாக்க விழுந்தான். எழுந்தபோது மீசையில் ஒருபாதி இல்லை. கூடியிருந்தவர்களில் ஒருவர் எஞ்சின்சாமி பூசையை ஏற்றுக்கொண்டது என்றார். இரண்டுபேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிச்சைமணி உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சாமிக்கு மீசைதானா கிடைத்தது என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மொக்கம்மாள் சிரிக்கவில்லை. கொட்டைப்பாக்கு அளவுக் கல் அது. அது இன்னும் தண்ணீருக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. மேலே போனதோ ஒரு பீப்பாய். அதன் வாயில் அவள் கையால் குழைத்து அப்பிய ஈரமண். அந்தக் கிடங்கை அவள் பார்த்திருக்கிறாள். சுவரும் தகரம், கூரையும் தகரம், ஆனை தும்பிக்கை விடுமென்று சன்னல் வைக்கவில்லை. கியாஸ் கிளம்பினால் வெளியே போக வழியில்லை. கழுவிவிட்டு, தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்தி, பொழுது சாயத் திறந்து சூடம். போன வருசமும் இப்படித்தான் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, போன வருசம் மூடிகளில் ஈயப்பற்று இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் இந்த வருசமும் தெளிப்பார்கள்.

அவள் ராஜாராமிடம் போனாள். அவள் சந்தேகப்பட்ட ஆளிடமே போய்ச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் வேலை போகும். பீப்பாயை உடைத்தவள் என்று போலீசிலும் கொடுக்கலாம். வழியெல்லாம் ஒரு பொய் தேடினாள். எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவர் டெலிபோனைத் தொட மாட்டார் என்று பட்டது.

"அய்யா, போன வாரம் போன கல்லுப் பீப்பாயில ஒண்ண நான் தொறந்துட்டேன்," என்றாள். "மூடிக்கு ஈரமண்ணு வச்சுப் பூசியிருக்கேன். மேல தெரியாம தாரு. எம்மக அங்கதான் சூடங் காட்டப்போறா."

ராஜாராம் வாய்க்காலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"எதுக்குத் தொறந்த?"

"நீங்க கல்ல எடுத்துத் தேவாரத்துக்கு விக்கிறீகன்னு நெனச்சேன்."

"நாலு நாளா உன் இடுப்புல பூண்டு வாடை அடிக்குது," என்றார். "விக்கிறது நீதான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். சாட்சிக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தேன்."

அதற்குமேல் அதைப் பேச இருவருக்கும் நேரமில்லை. ராஜாராம் பிச்சைமணியைக் கூப்பிட்டு மலைப்பாதையில் ஓடச் சொன்னார். பாதி மீசையோடு அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். எவ்வளவு வெரசாப் போனாலும் மேலே ஏறும்போது இருட்டிவிடும் என்பது மூவருக்கும் தெரியும். பூசைக்கு அணைத்த எஞ்சினை மூட்டி நீராவி கட்டவும் அவ்வளவு நேரமாகும். மூட்டினாலும் மேலே ஆள் இல்லாமல் கம்பியை ஓட்ட முடியாது. மிச்சமிருந்தது சுவரிலிருந்த பெட்டிதான்.

அதன்முன் போய் நின்றதும் ராஜாராமின் கை ஒரு கணம் தயங்கியது. பூசையில் வைத்தது. மொக்கம்மாள் அவரை நகர்த்திவிட்டு மாலையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். செவ்வந்தி தரையெங்கும் சிதறியது. சந்தனம் ஈரமாய் அவள் விரலில் ஒட்டியது. அப்போதுதான் அவளுக்கு மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தப் பேசுற பொட்டியவும் பூசையில வைக்கப்போறோம் ஆத்தா.

ராஜாராம் கைப்பிடியைச் சுற்றினார். கேட்குழலைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி சுற்றினார்.

"மணி அடிக்குதா அங்க?" என்றாள்.

அடிக்கும் என்றார். யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மணி அடிக்கும். அது அவளுக்கும் தெரியும். மேல்கொட்டகைச் சுவரில் சந்தனமும் குங்குமமும் அப்பிய பெட்டி மாலைக்குள்ளிருந்து கிணுகிணுக்கும். பூத்தொடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். யாராவது எழுந்தால், தொடாத, பூசையில இருக்கு என்று இன்னொருத்தி தடுப்பாள். தடுக்கிறவள் சுருளியம்மாளாகவே இருக்கும். சாத்திர விசயத்தில் அவள் ஆத்தாளைப்போலப் பிடிவாதக்காரி. அடிக்கிறது கீழேயிருந்துதான் என்று தெரிந்தால்தான் என்ன? ஆத்தாள் வெள்ளாட்டுக் கொம்பைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சிரிப்பாள். அரைத்த சந்தனம் மீதியிருந்தால் இன்னொரு பொட்டுக்கூட வைப்பாள்.

வெளியே வெயில் சாய்ந்து கொட்டகை நிழல் நீண்டிருந்தது. மலையின் பாதிக்குமேல் மஞ்சு இறங்கி, கம்பி அதற்குள் போய் மறைந்தது. சுற்றிச் சுற்றி ராஜாராமின் தோள் இறங்கிவிட்டது.

"நகருங்க," என்றாள் மொக்கம்மாள்.

கேட்குழலைக் காதோடு அழுத்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். யார் எடுத்தாலும் சரி, யார் குரலாயிருந்தாலும் சரி, இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கதவைத் திறந்து போடு, சூடம் ஏற்றாதே என்று மட்டும் சொல்லவேண்டும். குழலுக்குள் காற்று மாதிரி ஒரு இரைச்சல், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. சுற்றினாள். நிறுத்திக் கேட்டாள். மறுபடி சுற்றினாள்.